சாரதாமணியின் சிவப்பு அம்பு

சாரதாமணி சாப்பிடுகிற இலையில் சிவப்பு அம்பு ஒட்டுகிறவள். அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும்.

பனியன் கம்பெனியில் செக்கிங் என்று ஒரு மேசை உண்டு. தைத்து வருகிற துணியை ஒவ்வொன்றாக விரித்து, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை பட்ட இடம் எல்லாம் பார்த்து, அங்கே நகத்தளவு ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அம்பு மூக்கு காட்டுகிற இடத்தில் குற்றம். அந்தத் துணி திரும்ப டெய்லரிடம் போகும், சரியாகி வரும், அம்பை உரித்துவிட்டுப் பெட்டியில் அடுக்குவார்கள். அதற்கு ஆல்டர் என்று பேர். சரிசெய்யவே முடியாத துணிக்கு அம்பு கிடையாது. ஒரு வார்த்தை பேசாமல் மேசைக்குக் கீழே இருக்கிற கூடையில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது ரிஜெக்ட்.

வேலம்பாளையத்தில் ஒரே கம்பெனியில் இருபத்தாறு வருடம் சாரதாமணி இந்த வேலை பார்க்கிறாள். நான் அடுத்த மேசையில் பிசிறு வெட்டுகிறேன். அவளுக்கு அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மணிபர்ஸில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் சுருள் இருக்கும். ஒரு தடவை பல்லடத்தில் ஒரு ஹோட்டலில் சாம்பார்க் கிண்ணத்து விளிம்பில் ஒன்றை ஒட்டிவிட்டாள். சப்ளையர் பையன் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது என்னங்க?" என்றான்.

"வெந்தயம் கருகிருச்சுங் சாமி. அடியில போய்ப் பாரு, கறுப்பா கெடக்கும்."

"கம்ப்ளெய்ண்டுங்ளா?"

"கம்ப்ளெய்ண்டா இருந்தா ஒட்டமாட்டனே. தண்ணியக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிருப்பேன்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. செக்கிங்கில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் விளங்கும்.

இவளுக்கு ஏன் இப்படி ஒரு நாக்கு என்று கேட்டால் அவள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகுடேஸ்வரன் நல்ல மனுசன், குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். ஆனால் தட்டில் எதைப் போட்டாலும் தின்றுவிட்டு எழுந்து போவார். கல்யாணமான புதிதில் ஒரு நாள் இவள் வேண்டுமென்றே உப்பே போடாமல் குழம்பு வைத்தாள். அவர் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். அன்றைக்கு அழுதாளாம். என்னிடம் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் உப்பு ஒரு கல் கூடினாலும் தட்டை வீசுகிற ஆள். பதினான்கு வருடமாகிறது அவர் போய். அவர் இருந்தவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அடுப்படிதான். அதற்குப் பிறகுதான் ஊர் ஊராய்ப் போய்ச் சாப்பிடுகிறேன். பாவம் என்று யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம்.

"சொல்றதுக்கு ஆளில்லாம தின்னா அது சோறில்லீங்க்கா, தீவனம்" என்பாள் சாரதாமணி. அப்படித்தான் எங்கள் கூட்டம் சேர்ந்தது. அவள், நான், அயர்ன் செக்சனில் இருக்கிற மருதம்மாள். மருதம்மாளுக்கு எல்லாமே ருசிதான், வஞ்சனையே கிடையாது. எந்த ஹோட்டலுக்குப் போனாலும் கைப்பையில் ஒரு எவர்சில்வர் டப்பாவில் மாங்காய் ஊறுகாய் வரும். எனக்கு எழுத்துத் தெரியாது. போர்டைப் படித்துச் சொல்வதும் அவள்தான். வண்டி ஓட்டுவது சாரதாமணியின் ஒரே மகன் கதிர்வேல். அவனிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருக்கிறது.

போகாத இடமில்லை. திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்குகிற பட்டறைகளுக்கு நடுவில் ஒருத்தி கம்மங்கூழ் விற்கிறாள். உளிச் சத்தம் காதைப் பிளக்கும், கல்தூசி பறக்கும், சொம்பை முந்தானையால் மூடிக்கொண்டு குடிக்க வேண்டும். அந்த மோர்மிளகாய்க்காக மூன்று ஞாயிறு போனோம். எங்கள் கம்பெனிக்குப் பின்னால் லைன் வீட்டில் இருக்கிற பீகார்ப் பையன்கள் வரட்டியில் சுட்ட உருண்டை ஒன்று செய்வார்கள், லிட்டி என்று பேர். உள்ளே கடலைமாவும் பூண்டும் இருக்கும். நான் வேண்டாம் என்றேன். சாரதாமணி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து நாலு தின்றுவிட்டு, ஐந்தாவதில் அம்பு ஒட்டினாள். "நமக் கம்" என்று அவளுக்குத் தெரிந்த ரெண்டு இந்தி வார்த்தையையும் செலவழித்தாள். அந்தப் பையன்களும் செக்கிங்தான். ஒருத்தன் விழுந்து விழுந்து சிரித்து, "ஆல்டர், ஆல்டர்" என்று உப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

இதெல்லாம் சரி. இந்த நாக்கால் அவள் மகன் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் பக்கம் பையன்களுக்குப் பெண் கிடைப்பது இப்போது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். படித்தவன், சொத்து இருக்கிறவன் எல்லாம் முப்பத்தைந்து வயதில் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். கதிர்வேலுக்கு முப்பத்திரண்டு. இன்னொரு பெரிய கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். அவனுக்கு மூன்று வீட்டில் பெண் பார்க்கப் போனோம். முதல் வீட்டில் பஜ்ஜியில் சோடா உப்பு. ரெண்டாவது வீட்டில் கடையில் வாங்கின கேசரியைச் சூடு பண்ணி, நாங்களே செய்தது என்று வைத்தார்கள். மூன்றாவது வீட்டில் காப்பி, அதைச் சொல்லாமல் விடுகிறேன். மூன்று வீட்டிலும் சாரதாமணி அம்பு ஒட்டவில்லை. தண்ணீரைக் குடித்தாள், எழுந்தாள், வந்துவிட்டாள். பெண்கள் மூன்றும் தங்கமான பெண்கள். இப்போது எல்லோருக்கும் பிள்ளை இருக்கிறது.

"உன்ற பையன் பஜ்ஜியக் கட்டிக்கப் போறானா, புள்ளயக் கட்டிக்கப் போறானா?" என்று நடுரோட்டிலேயே கேட்டேன்.

"பொய் சொல்லி வெச்சாங்கல்லக்கா. அத எப்படிக்கா சரி பண்றது?" என்றாள்.

நான் சொல்ல வந்தது இந்த வருடம் ஆனி மாதம் நடந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கதிர்வேல் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். காப்பி வேண்டாம் என்றான். தண்ணீர் வேண்டாம் என்றான்.

"வயித்துவலியா சாமி?"

"இல்லீங் பெரிம்மா. நாளைக்கு வண்டிய குண்டடம் பக்கம் உடறேன். அங்க ரோட்டு மேல ஒரு மெஸ் இருக்குதுங்."

"உடு. அதுக்கெதுக்கு மூஞ்சி இப்படிக் கெடக்குது?"

அப்புறம்தான் வெளியே வந்தது. மெஸ் வைத்திருக்கிற நாகஜோதி கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. புருசன் இறந்த பிறகு பிழைக்க வந்து, ஒரு மில் ஹாஸ்டலில் பல வருடம் சமைத்து, பிறகு சொந்தமாக மெஸ் போட்டவள். அவள் மகள் தமிழ்மதி கம்பெனி பஸ்ஸில் திருப்பூர் வந்து, இவன் கம்பெனியிலேயே செக்கிங்கில் வேலை பார்க்கிறாள். ரெண்டு வருடப் பழக்கம். நாகஜோதிக்குத் தெரியும். இவன் அம்மாவுக்குத் தெரியாது.

"ஞாயித்துக்கெளம அவளும் மெஸ்ஸுல இருப்பாளுங். அம்மா நல்லாச் சாப்புட்டு, மனசு குளுந்து இருக்கறப்ப சொல்லிப்போடலாம்னு பாக்கறேன்."

"குளுரலீன்னா?"

"சொல்ல மாட்டனுங். அவளுக்கு அவங்க மாமன் ஊர்ல ஒரு பையன வெச்சிருக்காங்களாம். ஆடி கழிஞ்சதும் ஆவணியில முடிச்சுருவாங்களாமுங்."

சாதி வேறுதான். நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ஆனால் பையனுக்கு முப்பது தாண்டிவிட்டால் எங்கள் ஊரில் சாதி பேசுகிற அப்பன் ஆத்தாளுக்குக் குரல் தானாக இறங்கிவிடும். நான் பயந்தது அதற்கில்லை. சோற்றுக்குத்தான் பயந்தேன்.

"அந்தப் புள்ளகிட்ட ஒண்ணு சொல்லு. எதையும் புதுசா செய்ய வேண்டாம். தெனமும் செய்யறதச் செய்யச் சொல்லு" என்றேன். சரி என்று தலையாட்டினான். அவன் சொன்னான், அவள் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் போனோம். குண்டடம் ரோட்டில் ரெண்டு பக்கமும் காற்றாலை சுற்றிக்கொண்டிருந்தது. ஆனிக் காற்று என்றால் சும்மா இல்லை. இலை போட்டால் இலை பறக்கிறது, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தார்கள். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, சுத்தமாக இருந்தது. நாகஜோதி கரண்டியும் கையுமாக அடுப்புப் பக்கம் நின்று எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். குட்டையான பொம்பளை, குரல் மட்டும் ஆளைவிட உயரம்.

"வாங்க, வாங்க. காத்துக்கு அங்கிட்டு ஒக்காராதீக, இங்கிட்டு வாங்க."

பரிமாறியது தமிழ்மதி. மாநிறம், ஒல்லி. கதிர்வேல் சாப்பிட உட்காரவில்லை. தண்ணீர் ஜக்கை வாங்கிக்கொண்டு எங்களுக்கு ஊற்றிக்கொண்டே நின்றான்.

"இவனென்ன சர்வர் வேலைக்குச் சேந்துட்டானா?" என்றாள் மருதம்மாள். நான் காலால் ஒரு உதை விட்டேன்.

குடல் குழம்பு வந்தது. சாரதாமணி ஒரு வாய் வைத்தாள், கண்ணை மூடினாள். "அக்கா, சுத்தம் பண்ணின கை தெரியுதுங்க்கா" என்றாள். நாட்டுக்கோழி வறுவல் வந்தது. மிளகும் வரமிளகாயும் தவிர வேறு ஒரு மண்ணும் இல்லை, எலும்பு வரைக்கும் காரம் இறங்கியிருந்தது. மருதம்மாள் ஊறுகாய் டப்பாவைத் திறக்கவே இல்லை. அவளைப் பார்த்து இத்தனை வருடத்தில் அது முதல் தடவை. புளிக்குழம்பு, தென்னாட்டுக் கை, கெட்டியாக நல்லெண்ணெய் மிதந்துகொண்டு வந்தது. சாரதாமணி ரெண்டாம் தடவை சோறு வாங்கினாள். கதிர்வேல் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான், சொல்லட்டுமா என்று. பொறு என்று தலையை ஆட்டினேன்.

அப்போதுதான் அந்தப் பெண் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"உங்க பக்கத்துக் கொள்ளுப் பருப்புங்க" என்றாள். வரப்போகிற மாமியாருக்காக 'ங்க' கூடப் பழகியிருந்தாள்.

கொள்ளுப் பருப்பு எங்கள் வீடுகளில் வாரம் ரெண்டு நாள் உண்டு. கொள்ளை வேக வைத்து, சின்ன வெங்காயம், கொத்தமல்லி விதை, சீரகம், வரமிளகாயோடு சேர்த்து அம்மியில் நறநற என்று அரைக்க வேண்டும். எங்கள் ஊரில் பிறந்தவளே நாலு வீட்டில் பேச்சு வாங்குகிற பண்டம். இந்தப் பெண் கொண்டுவந்தது மிக்சியில் அடித்து மாவு மாதிரி வழவழவென்று இருந்தது. மேலே சோம்பு தாளித்து வேறு கொட்டியிருந்தாள்.

சாரதாமணி சோற்றில் பிசைந்து ஒரு வாய் தின்றாள். மென்றாள். இன்னொரு வாய். பிறகு இடது கையால் மணிபர்ஸைத் திறந்தாள்.

கதிர்வேல் ஜக்கைச் சாய்த்த சாய்ப்பில் தண்ணீர் என் மடியில் கொட்டியது. நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. எனக்கு உசிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. அவள் தண்ணீர் டம்ளரை எடுக்கவில்லை, பர்ஸைத்தான் எடுத்தாள். இலையில் கொள்ளுப் பருப்புக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பை ஒட்டினாள்.

நாகஜோதி பார்த்துவிட்டாள். கரண்டியைக் கீழே வைக்காமலே வந்தாள்.

"என்னம்மா அது? என்னத்த ஒட்டுதீக?"

"சோம்பு வேண்டாமுங். அப்பறம் மிக்சி..."

"இந்தா பாருங்க. இம்புட்டு வருசமா சோறு போடுதேன், எவனும் எம் முன்னால இலையில குறி போட்டதில்ல. எம் மக விடியுமுன்ன எந்திரிச்சு உங்களுக்குன்னு ஆக்குனது இது. பிடிக்கலைன்னா ஒதுக்கி வைங்க. ஊரறிய அம்பு போட்டு மானத்த வாங்குதீகளோ?"

"உங்களுக்குன்னு ஆக்குனது" என்றதும் சாரதாமணி நிமிர்ந்து பார்த்தாள். யாரென்றே தெரியாதவர்களுக்கு எதற்கு விடியுமுன் எழுந்து ஆக்க வேண்டும்? அவள் முட்டாள் இல்லை. அதற்குள் நாகஜோதி கரண்டியைக் கதிர்வேலைப் பார்த்து ஆட்டினாள். "இதுக்குத்தான் கூட்டியாந்தீகளா தம்பி?"

கதிர்வேல் வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. அப்பன் புத்தி.

அந்தப் பெண்தான் பேசினாள். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"யம்மா, சும்மாரு. அது ரிஜெக்ட் இல்ல. ஆல்டரு."

"என்ன எழவு ஆல்டரு?"

"சரி பண்ணிக் கொண்டான்னு அர்த்தம். ரிஜெக்ட்டா இருந்தா ஒட்டமாட்டாங்க, பேசாமக் கூடையில போட்ருவாங்க. நான் தெனமும் ஒட்டுறேன்ல." இலைக்குக் குனிந்து அம்பின் மூக்கு எங்கே பார்க்கிறது என்று பார்த்தாள். "சோம்பு எடுத்துரணும். கொரகொரன்னு இருக்கணும். அவ்வளவுதானுங்களா? வேற இருக்குதுங்களா?"

"பச்ச வெங்காயம் ரெண்டு தட்டிப் போடோணும் கண்ணு" என்றாள் சாரதாமணி.

"வெந்த கொள்ளு மிச்சம் இருக்குதுங்க. கால் மணி நேரம் ஆகுமுங்க."

"ஆவட்டும். நாங்க எங்கீம் போவல."

பின்பக்கம் அம்மிச் சத்தம் கேட்டது. எங்கள் கை இலையில் காய்ந்துகொண்டிருந்தது. நாகஜோதி அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பாத்திரங்களிடம் எங்களைத் திட்டினாள். மருதம்மாள் மட்டும் ஊறுகாய் டப்பாவைத் திறந்து வெறும் ஊறுகாயை நக்கிக்கொண்டிருந்தாள். சாரதாமணி அம்மிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். மாவாகப் போகிறதா, நறநறப்பாக நிற்கிறதா என்று அவளுக்குச் சத்தத்திலேயே தெரியும்.

அந்தப் பெண் வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை, கையெல்லாம் மிளகாய் விழுது. அதே கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள். சாரதாமணி வைக்கச் சொன்ன இடம் பழைய இடம், அம்புக்கு நேராக. ஒரு வாய் தின்றாள். எல்லோரும் அவள் தொண்டையைப் பார்த்தோம். பிறகு நகத்தால் சுரண்டி அந்த அம்பை உரித்தாள். கம்பெனியில் உரித்த அம்பை எங்கே ஒட்டுவாளோ அங்கேயே, இடது புறங்கையில் ஒட்டிக்கொண்டாள்.

"சோறு போடு கண்ணு" என்றாள்.

அந்தப் பெண் போட்டாள். நாகஜோதி திரும்பிப் பார்த்தாள், சட்டென்று மூக்கை முந்தானையில் துடைத்தாள். வெங்காயம் என்றாள். அவள் வெங்காயம் நறுக்கவே இல்லை.

"எந்தக் கம்பெனி கண்ணு நீ?"

அவள் சொன்னது கதிர்வேலின் கம்பெனிப் பேர். சாரதாமணி மெதுவாகத் தலையைத் திருப்பி மகனைப் பார்த்தாள். காலி ஜக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஏன்டா. வண்டிய இந்தப் பக்கம் உட்டது குடல் குழம்புக்கா?"

"குடல் குழம்புக்குந்தாம்மா" என்றான்.

நான் சிரித்ததில் எனக்குப் புரையேறியது. சாரதாமணி சிரிக்கவில்லை. "ரெண்டு வருசமா சொல்லாம வெச்சிருந்தியா?" என்றாள். ரெண்டு வருடம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளே கணக்குப் போட்டிருக்கிறாள், ரெண்டு வருடமாக இவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்போனோடு மொட்டைமாடிக்குப் போவதை வைத்து. "சொல்லாம வெக்கறதுதான்டா எனக்கு ஆவாது. உங்கப்பன் மாதிரி."

பிறகு கை கழுவப் போகும்போது நாகஜோதி பக்கத்தில் நின்றாள். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் குழாயைப் பார்த்துப் பேசினார்கள்.

"வர்ற ஞாயித்துக்கெளம எங்க ஊட்டுக்கு வாங்க. நான் ஆக்கறேன்" என்றாள் சாரதாமணி. மணிபர்ஸிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து அவள் ஈரக் கையில் வைத்தாள். "இத வெச்சுக்கங்க. குத்தமிருந்தா ஒட்டுங்க. வாயத் தொறக்காம எந்திரிச்சுப் போனாத்தான் எனக்குக் கோவம் வரும்."

ஆடி பிறப்பதற்கு முந்தின ஞாயிறு வந்தார்கள், தாயும் மகளும். சாரதாமணி முந்தின நாளே கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டாள். அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கின சாதம், தண்ணிக் குழம்பு, பச்சைப்புளி ரசம், போளி என்பார்களே, அந்தத் தேங்காய் ஒப்புட்டு. இத்தனை வருடம் ஊரார் சோற்றுக்கு அம்பு ஒட்டினவள் அன்றைக்கு அடுக்களைக்கும் கூடத்துக்கும் பத்துத் தடவை நடந்தாள். நாகஜோதி பேசாமல் சாப்பிட்டாள். பக்கத்தில் மகுடேஸ்வரன், அவரும் பேசாமல் சாப்பிட்டார். சுருள் இலைக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது. ஒப்புட்டில் மூன்றாவதையும் முடித்த பிறகுதான் நாகஜோதி அதை எடுத்தாள்.

"தண்ணிக் குழம்புல ஒரு தக்காளி கூடிப்போச்சு" என்று இலையில் ஒன்றை ஒட்டினாள்.

சாரதாமணி முகத்தைப் பார்க்க வேண்டுமே. நகை போட்டுவிட்ட மாதிரி இருந்தது. "ஆமாங்! எனக்கும் பட்டுதுங்! காத்தால இருந்து மனசுல அதேதானுங்!"

நாகஜோதி எழுந்தாள். ஒப்புட்டுத் தட்டோடு நின்றுகொண்டிருந்த கதிர்வேலிடம் போனாள். அவனை மேலும் கீழும், முன்னும் பின்னும், துணியை விரித்துப் பார்ப்பது போலப் பார்த்தாள். ஒரு அம்பை உரித்து அவன் சட்டையில், வாய்க்கு நேர் கீழே, அம்பின் மூக்கு வாயைக் காட்டுகிற மாதிரி ஒட்டினாள்.

"ரிஜெக்ட் இல்ல. ஆல்டருதான்" என்றாள்.

"அத முப்பத்திரண்டு வருசமா நான் ஆல்டர் பண்ணிட்டுக் கெடக்கறனுங், முடிஞ்சபாடில்ல" என்றாள் சாரதாமணி. "இனி உங்க புள்ள பாக்கட்டும்."